தொழுவத்துக்கு அடைப்பு கிடையாது

உங்கள் வீட்டிலும் இப்போது ஒரு கட்டில் இருக்கும். அதில் அம்மாவோ அப்பாவோ, மாமியாரோ மாமனாரோ கிடப்பார்கள். நமக்கெல்லாம் அம்பதை எட்டிப் பார்க்கிற வயசு. நம்ம வயசுக்காரர்கள் யாரைப் பார்த்தாலும் பேச்சு அதுதான். யார் வீட்டில் இருக்காங்க, யார் பார்க்கா, இன்னும் எத்தனை நாளைக்கு. கல்யாண வீட்டுப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டுகூட அதைத்தான் பேசுகிறோம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பீடி சுற்றித்தான் பிழைப்பு. எழுதிப் பழக்கம் இல்லை. அதிகம் பேசியும் பழக்கம் இல்லை. ஆனால் கொஞ்ச நாளாக எங்கள் அம்மா காலையில் கண் முழித்ததும் ஒரே கேள்வியைக் கேட்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து ஒரு ஐப்பசி மாசம் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. நான் ஏழாம் வகுப்பு. விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஒரு ரூம், ஒரு அடுப்படி. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். அவர்கள் தாளித்தால் எங்களுக்குத் தும்மல் வரும். அப்பா, அம்மா, நான், தம்பி. அப்பாவுக்கு மில்லில் வேலை. சங்கு ஊதினால் போவார், சங்கு ஊதினால் வருவார். வரும்போது தலை, புருவம், காதுமயிர் எல்லாம் பஞ்சாக இருக்கும். அம்மா வாசலிலேயே நிறுத்தி, துண்டால் தட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவாள்.

அந்த வேலை தாத்தாவின் வேலை. அப்பாவைப் பெற்ற தாத்தா. அவர் மில்லை விட்டு நிற்கும்போது தன் இடத்தில் மூத்த மகனைச் சேர்த்துவிட்டார். அம்பாசமுத்திரத்தில் இருந்த சொந்த வீட்டைச் சின்ன மகனுக்குக் கொடுத்தார். ஒருத்தனுக்கு வேலை, ஒருத்தனுக்கு வீடு, சரிக்குச் சரி என்று அவர் நினைத்திருப்பார். பாட்டி முன்னாலேயே போய்விட்டாள். தாத்தாவுக்கு முடியாமல் ஆனதும் "வேலைய வாங்கினவன் பாக்கட்டும்" என்றார் சித்தப்பா. "வீட்ட வாங்கினவன் பாக்கட்டும்" என்றார் அப்பா. சொந்தக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசி முறை வைத்தார்கள். ஒரு தமிழ் மாசம் எங்கள் வீடு. மறு மாசம் சித்தப்பா வீடு. ஒண்ணாம் தேதி ஆளை மாற்றிக்கொள்ள வேண்டும்.

அந்தப் பேச்சில் வார்த்தை தடித்ததிலிருந்து அப்பா சித்தப்பா வீட்டுப் படி ஏறுவதில்லை. சித்தப்பாவும் எங்கள் பக்கம் வருவதில்லை. அதனால் தாத்தாவை மாற்றுவது அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்.

தாத்தாவோடு ஒரு நீலத் தகரப் பெட்டி வரும். ஒரு பித்தளைக் கூஜா வரும், திருகு மூடி போட்டது. ஆற்றுத் தண்ணீர்தான் அவருக்கு வேண்டும். பைப் தண்ணீரைக் குடித்தால் "துருப்பிடிச்ச ஆணிய நக்குன மாதிரி இருக்கு" என்று துப்புவார். பொடிமட்டை வாசனையும் தைல வாசனையும் கலந்த ஆள். நல்ல வாய். மருமகளிடம் உப்பில்லை என்று சண்டை போடுவார். மறு நாள் உப்பு கூடிவிட்டது என்று சண்டை போடுவார். மில்லுச் சங்கு ஊதினால் தூக்கத்திலும் எழுந்து சட்டையைத் தேடுவார். அம்மா "மாமா, ஒங்க மகன் போயாச்சு, பைய படுங்க" என்று பிடித்துப் படுக்க வைப்பாள்.

டீக்கடையில் சித்தப்பா எங்களைப் பார்த்தும் பார்க்காதது போல பேப்பரில் முகத்தை வைத்திருப்பார். அப்பா பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு பஸ்ஸைப் பார்ப்பார். தாத்தாதான் சத்தம் போடுவார்.

"ஏலே, சரக்கு வந்து எறங்கியாச்சு. ஒடசல் இருக்கான்னு பாத்து எடுத்துக்கோ. பொறவு அங்கன கீறலு, இங்கன கீறலுன்னு சொல்லப்பிடாது."

டீக்கடைக்காரர் சிரிப்பார். "மாசா மாசம் மாத்துறதுக்கு நீரு என்ன கேஸ் சிலிண்டரா வே?"

"சிலிண்டரு தீந்தாத்தான மாத்துவான். நான் தீர மாட்டேங்கேன்லா, அதான் பயலுவளுக்குக் கோவம்."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அப்பாவும் சித்தப்பாவும் சிரிக்க மாட்டார்கள்.

இதற்கு நடுவில் ஒருத்தி இருந்தாள். அத்தை. அப்பாவுக்கு மூத்தவள். கல்லிடைக்குறிச்சியில் தனியாக இருந்தாள். மாமா இல்லை, பிள்ளையும் இல்லை. அப்பளம் போட்டுப் பிழைத்தாள். அவள் கை எப்போதும் உளுந்து மாவு மணக்கும். விரல் ரேகையெல்லாம் தேய்ந்து வழவழ என்று இருக்கும். அவள் வரும்போதெல்லாம் ஒரே பேச்சுதான். "அப்பாவ எங்கிட்ட விட்டுருங்கலே. எனக்கு யாரு இருக்கா? நான் பாத்துக்கிடுதேன்."

அப்பா சொல்வார், "மக வீட்டுல சாப்புடலாம்க்கா. சாகக் கூடாது. ஊரு என்ன பேசும்? ரெண்டு ஆம்பளைய எதுக்கு இருக்கோம்?"

"அதான் நானும் கேக்கேன். எதுக்கு இருக்கிய?"

அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். இதில் மட்டும் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே ஆள்தான். மகள் வீட்டில் அப்பன் செத்தால், மகன்களுக்கு ஊருக்குள் தலை கிடையாது.

அந்த ஐப்பசி எங்கள் முறை. மழை விடவில்லை. மலை தெரியவே இல்லை. ஆறு செம்மண் நிறத்தில் போனது. கூஜாவில் பிடித்த தண்ணீர் தெளிய நேரமாகும். தீபாவளிக்குத் தாத்தா முறுக்கைத் தண்ணீரில் நனைத்துத் தின்றார். தீபாவளி முடிந்ததும் சளி பிடித்தது. நெஞ்சுக்குள் கோழி கொக்கரிக்கிற மாதிரி சத்தம். அப்பா டாக்டரிடம் கூட்டிப் போனார். நானும் போனேன். டாக்டர் குழாயை வைத்துப் பார்த்து ஊசி போட்டார். ரெண்டு விஷயம் சொன்னார். "வயசாயிட்டு. ஈரம் படாம சூடா வச்சிருங்க."

எங்கள் வீட்டில் முதல் வார்த்தை மட்டும்தான் காதில் விழுந்தது.

நாலைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம் தாத்தாவுக்கு மூச்சு இழுத்தது. கண் மேலே போய்விட்டது. அம்மா கத்தினாள். லைன் வீட்டுச் சனம் எல்லாம் எங்கள் ரூமுக்குள் வந்துவிட்டது. யாரோ பால் கொண்டுவந்தார்கள். யாரோ நாலு தடவை சாமி பேரைச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு திரும்பியது. தாத்தா கண்ணைத் திறந்து கூட்டத்தைப் பார்த்து, "என்ன, பந்தி போட்டாச்சா?" என்றார்.

கூட்டம் கலைந்தது. வீட்டுக்காரம்மா மட்டும் போகவில்லை. அடுப்படிப் பக்கம் வந்து அம்மாவிடம் மெல்லப் பேசினாள். நல்ல மனுஷிதான். தாத்தாவுக்குக் கஞ்சி கொடுத்து அனுப்புகிறவள்.

"நாளைக்கு அவிட்டம் பொறக்கு, பாத்தியா?"

அம்மா சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தாள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. நம்ம ஆட்களுக்குத் தெரியும். அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி. இந்த அஞ்சு நட்சத்திரத்தில் ஒரு வீட்டுக்குள் உயிர் போனால் அந்த வீட்டுக்கு அடைப்பு. ஆறு மாசம் பூட்டிப் போட வேண்டும். உள்ளே ஆள் புழங்கக் கூடாது, விளக்கு ஏற்றக் கூடாது. மீறினால் அந்த வீட்டில் இன்னொரு சாவு விழும் என்பார்கள். நாலு ரூம் இருக்கிற வீட்டில் அந்த ஒரு ரூமை மட்டும் அடைப்பார்கள். எங்களுக்கு இருந்ததே ஒரு ரூம். ரேவதி போய் அசுவதி பிறந்தால் ஆபத்து இல்லை.

"நான் ஒண்ணும் சொல்லல பிள்ள" என்றாள் வீட்டுக்காரம்மா. "பெரியவரு பாவம். ஆனா என் பாட்டையும் பாக்கணும்லா. அடைப்பு விழுந்த வீட்டுக்குப் பொறவு எவன் குடி வருவான்? செவத்துக்கு அங்கிட்டும் ஒரு குடும்பம் இருக்கு, இங்கிட்டும் ஒரு குடும்பம் இருக்கு."

அப்பா ஷிப்டு முடிந்து வந்தார். அன்றைக்கு அம்மா பஞ்சைத் தட்டிவிடவில்லை. வாசலிலேயே சொன்னாள்.

"அடைப்பு விழுந்தா நாம எங்க போவோம்? ரெண்டு பிள்ளையளையும் கூட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல கெடப்பமா?"

அப்பா தானே துண்டை எடுத்துத் தலைப் பஞ்சைத் தட்டிக்கொண்டார். அப்புறம், "அவன் வீட்டுல நாலு ரூம் இருக்கு. ஒண்ண அடைக்கட்டும்" என்றார்.

மறு நாள் காலையில் ஒரு டெம்போ வந்தது. கழிவுப் பஞ்சு மூட்டை ஏற்றிக்கொண்டு அம்பாசமுத்திரம் போகிற வண்டி. மூட்டைகளுக்கு நடுவில் இடம் செய்து தாத்தாவைப் படுக்க வைத்தார்கள். மேலே தார்ப்பாய். தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டார்கள். அப்பா டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். அம்மாவும் நானும் பின்னால். கூஜா என் மடியில்.

தாத்தாவுக்கு அன்றைக்கு மூச்சு தேவலை. "எங்க போறோம்?" என்று கேட்டார்.

"சின்னவரு வீட்டுக்கு மாமா."

"ஐப்பசி முடியலியே."

தார்ப்பாயில் மழை கொட்டுகிற சத்தம். ஈரப் பஞ்சும் மிஷின் எண்ணெயும் சேர்ந்த வாசனை. தாத்தா கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டார்.

"இன்னைக்கு என்ன நட்சத்திரம்?"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அவிட்டம் மாமா."

"ம்."

அவ்வளவுதான் சொன்னார். ஒரு மூட்டையின் ஓட்டையிலிருந்து கொஞ்சம் பஞ்சை இழுத்தார். ரெண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் திரித்துக்கொண்டே வந்தார். நூல் மாதிரி வந்ததும் என் விரலில் சுற்றினார். மறுபடி இழுத்தார். ஊர் வருகிறவரை அதுதான்.

சித்தப்பா வீட்டு முன்னால் டெம்போ நின்றது. சித்தப்பா கதவைத் திறந்துகொண்டு வந்தார். பின்னால் நிலையைப் பிடித்துக்கொண்டு சித்தி. நிறைமாசம். கை நிறைய கண்ணாடி வளையல். அவளுக்குத் தாய் வீட்டில் ஆள் இல்லை. பேறுகாலம் இந்த வீட்டில்தான்.

"என்ன, அதுக்குள்ள மாசம் மாறிட்டா?" என்றார் சித்தப்பா.

அப்பா கீழே இறங்கி நனைந்துகொண்டே சொன்னார். "ஒனக்குத் தெரியாதாலே? இழுத்துக்கிட்டு கெடக்காரு. அங்கன ஒத்த ரூமு."

"இங்கன பிள்ளத்தாச்சி இருக்கா. கண்ணு தெரியலியா? அடைப்பு விழுந்தா எம் பிள்ளைய ரோட்டுலயா பெத்துப் போடுவா?"

"நாலு ரூம் இருக்குல்லா."

"நாலு ரூம் இருந்தா நாலு பேரச் சாகக் குடுக்கணுமோ? மில்லு வேல வாங்கும்போது இனிச்சுதுல்லா?"

"வீடு வாங்கும்போது ஒனக்குக் கசந்துச்சோ?"

தெருவில் குடை குடையாக ஆள் சேர்ந்துவிட்டது. டெம்போ டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "அண்ணாச்சி, நான் லோடு எறக்கணும். பெரியவர எங்கன எறக்கணும்னு ஒரு முடிவச் சொல்லுங்க. இல்லன்னா பஞ்சோட சேத்து எறக்கிருவேன்."

தார்ப்பாய்க்குள்ளிருந்து தாத்தா சத்தம் கேட்டது. "ஏலே, சண்டைய பொறவு வச்சுக்கிடுங்க. எனக்கு ஒண்ணுக்கு முட்டுது."

ஒருத்தரும் சிரிக்கவில்லை.

கூட்டத்தில் இருந்த ஒரு பெரியவர்தான் அதைச் சொன்னார். குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, நல்லது சொல்கிற குரலில் சொன்னார். "எதுக்கு மல்லுக்கு நிக்கிய? பின்னால தொழுவம் சும்மாதான கெடக்கு. தொழுவத்துக்கு அடைப்பு கெடையாது. அஞ்சு நாளு அங்கன கெடக்கட்டும்."

அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அவர்கள் ரெண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"செய்யலாம்" என்றார் சித்தப்பா.

அதற்குப் பிறகு ரெண்டு பேரும் சேர்ந்து வேலை செய்தார்கள். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. சித்தப்பா சாணித் தரையைக் கூட்டினார். அப்பா தண்ணீர் ஊற்றினார். ஓலைப் பாயை ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மறைப்பாகக் கட்டினார்கள். கட்டிலைத் தூக்கி வரும்போது "பைய, பைய, நெலையில இடிச்சிராத" என்று ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கொண்டார்கள். சின்ன வயசில் இப்படித்தான் இருந்திருப்பார்கள்.

மாடு வித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் மூத்திர வாடை போகவில்லை. கல்தொட்டியில் மழைத் தண்ணீர் நிறைந்து கிடந்தது. ஓட்டில் நாலு இடத்தில் ஒழுகல். கட்டிலை அங்கே இங்கே நகர்த்தி ஒழுகாத இடம் பார்த்தார்கள். தலைக்கு ஒழுகாத இடத்தில் காலுக்கு ஒழுகியது. டெம்போக்காரர் இரக்கப்பட்டு ஒரு மூட்டைப் பஞ்சைக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா அதைக் கட்டிலில் பரப்பி மேலே சேலையை விரித்தாள். முதல் நாள் மெத்தை மாதிரி இருந்தது. அப்புறம் ஈரம் ஏறியது. பஞ்சு நனைந்தால் சும்மா காயாது. தொட்டால் தவளையைத் தொடுகிற மாதிரி இருக்கும்.

அப்பா ஷிப்டுக்குப் போய்விட்டார். அம்மாவும் நானும் அங்கேயே இருந்தோம். நாங்கள் வீட்டுக்குள் படுத்தோம். அம்மா அடிக்கடி கொல்லைக்கு ஓடிப் பார்த்துவிட்டு வருவாள்.

சதயத்தன்று தாத்தா எழுந்து உட்கார்ந்தார். டீ கேட்டார். சித்தி டீ போட்டுப் பின்வாசல் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போனாள். நான் எடுத்துக் கொடுத்தேன். ஒரு மடக்கு குடித்துவிட்டு, "சின்னவன் பொண்டாட்டி டீ நல்லாப் போடுதா. ஒங்கம்மா போட்டா கழனித் தண்ணிதான்" என்றார். பக்கத்தில் அம்மா கால் அமுக்கிக்கொண்டிருந்தாள். அவள் சிரித்தாள். ஆள் பிழைத்துக்கொண்டார் என்றுதான் எனக்குப் பட்டது.

பிழைத்துக்கொண்டவரை வீட்டுக்குள் கொண்டு போகலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. நட்சத்திரம் முடியவில்லையே.

அத்தை வந்தாள். மழைக் காலத்தில் அப்பளம் காயாது, அதனால் வேலை இல்லை. ஒரு கம்பளியும் தூக்குச்சட்டியில் ரசமும் கொண்டுவந்தாள். தொழுவத்தைப் பார்த்ததும் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"யாரு யோசன இது?"

சித்தப்பா, "அஞ்சு நாளுதான்க்கா" என்றார்.

"எங்கிட்ட தா. இப்பவே ஆட்டோ பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போறேன். என் வீட்ட ஆறு மாசம் இல்ல, அறுவது வருசம் அடைச்சுப் போடுங்க. எனக்கு யாரு பேறுகாலம் பாக்கப் போறா?"

"மக வீட்டுல கெடந்து செத்தாருன்னு வரும்."

"தொழுவத்துல கெடந்து செத்தாருன்னு வந்தாத் தேவலையோ?"

அம்மா நடுவில் வந்தாள். "மதினி, சத்தம் போடாதிய. அசுவதி பொறந்ததும் எங்க வீட்டுக்கே கூட்டிக்கிட்டுப் போயிருவேன்."

"அசுவதி பொறக்கதுக்குள்ள இந்தாளு ஈரத்துல மொளச்சிருவாருட்டி."

அத்தை தாத்தா பக்கம் குனிந்தாள். "நீங்க சொல்லுங்கப்பா. ஒங்களுக்கு எங்க கெடக்கணும்?"

தாத்தா அவளைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார். மேலே ஓட்டைப் பார்த்தார்.

"மழ இல்லாத எடமா இருந்தாச் சரி தாயி" என்றார். கொஞ்சம் விட்டு, "நீ போ. இவனுக மானம் போவுதுங்கானுவ" என்றார்.

மறு நாள் அத்தை ஆட்டோவோடுதான் வந்தாள். சித்தப்பா ஆட்டோக்காரரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அத்தை தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றவில்லை. அழவும் இல்லை. கொல்லைப்புறம் வந்து கட்டில் கால் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்துகொண்டாள். பிறகு அவள் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.

தாத்தா தினமும் காலையில் அம்மாவிடம் கேட்பார்.

"இன்னைக்கு என்ன நட்சத்திரம்?"

"பூரட்டாதி மாமா."

"இன்னைக்கு?"

"உத்திரட்டாதி மாமா. இன்னும் கொஞ்சந்தான்."

"நான் பாத்துக்கிடுதேன். நீ பயப்படாத பிள்ள" என்றார் தாத்தா.

என்ன பார்த்துக்கொள்வார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. உயிரைத்தான் பிடித்து வைத்துக்கொள்கிறேன் என்கிறார். எங்கள் ஒத்த ரூமுக்காகவும் சித்தியின் வயிற்றுப் பிள்ளைக்காகவும்.

ரேவதியன்று காய்ச்சல் கொதித்தது. பல் தந்தியடித்தது. பேச்சு இல்லை. அத்தையின் கம்பளியும் நனைந்துவிட்டது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. பின்வாசலில் நின்று சித்தப்பாவிடம், "உள்ள கொண்டு போயிரலாம்ங்க. உடம்பு தூக்கிப் போடுது" என்றாள்.

"இன்னைக்கு ஒரு நாளுதான மதினி" என்றார் சித்தப்பா.

அம்மா அடுப்படிக்குள் போய் வெந்நீர் வைத்தாள். மறுபடி கேட்கவில்லை.

மறு நாள் முற்பகலில் அசுவதி பிறந்தது. அப்பா ஷிப்டு முடிந்து நேராக வந்திருந்தார். தலையில் பஞ்சு. சித்தப்பா வாட்சைப் பார்த்துக்கொண்டே நின்று, "ஆச்சு" என்றார். அம்மா தாத்தாவின் காதில் குனிந்தாள்.

"மாமா, அசுவதி பொறந்துட்டு. வீட்டுக்குள்ள போலாம்."

தாத்தா கண்ணைத் திறந்தார். "பொறந்துட்டா?" என்றார்.

அப்பா தலைமாட்டைப் பிடித்தார். சித்தப்பா கால்மாட்டை. தொழுவத்துக்கும் பின்வாசலுக்கும் நடுவில் ஒரு சின்ன முற்றம்தான். ஒரு துணிக்கொடி, ஒரு முருங்கை மரம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பாதி முற்றத்தில் தாத்தாவின் கை கட்டிலிலிருந்து நழுவித் தொங்கியது. அத்தை பார்த்துவிட்டாள். "அப்பா" என்றாள்.

கட்டில் நின்றது. அப்பா பின்வாசலைப் பார்த்து ஒரு எட்டு வைத்தார். சித்தப்பா நகரவில்லை. நட்சத்திரம் நல்லதுதான். ஆனாலும் அவர் நகரவில்லை. அப்பாவும் அந்த ஒரு எட்டைப் பின்னால் எடுத்துக்கொண்டார். கட்டிலை அங்கேயே இறக்கினார்கள். தாத்தா முகத்தில் தூறல் விழுந்தது. அவர் கண்ணைச் சிமிட்டவில்லை.

ஊர்ச் சனம் வந்தது. எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். "புண்ணிய ஆத்மா. நாளு பாத்துப் போயிருக்காரு. யாரு வீட்டையும் அடைக்கல." யோசனை சொன்ன அந்தப் பெரியவரும் வந்திருந்தார். அவரும் தலையை ஆட்டினார்.

அத்தை அப்போதுதான் சத்தம் போட்டாள். "நாளு பாத்து அவரு போகல. நாளு பாத்து நீங்க கொன்னிய."

பெண்கள் அவளைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்கள். துக்கத்தில் பேசுகிறாள் என்றார்கள்.

ஆறு அன்றைக்குக் கரை தொட்டுப் போனது. படித்துறையில் பாதிப் படி தெரியவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் மொட்டைத் தலையோடு பக்கத்தில் பக்கத்தில் நின்று முங்கினார்கள். தாத்தாவுக்கு எந்தப் படித்துறைத் தண்ணீர் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை.

கூஜாவை யார் எடுத்தார்கள் என்று தெரியாது. பெட்டியை அப்பா வேண்டாம் என்றார், சித்தப்பாவும் வேண்டாம் என்றார். அத்தை தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பல வருஷம் அதில் அப்பளம் அடுக்கி வைத்திருந்தாள். தம்பிகள் வீட்டுப் படியை அதற்கப்புறம் அவள் மிதிக்கவில்லை. அவள் செத்துக் கிடந்ததை ரெண்டு நாள் கழித்துத்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். அவள் வீட்டுக்கு அடைப்பு உண்டா இல்லையா என்று பார்க்க ஆள் இல்லை.

தாத்தாவுக்கு அந்த மாசம் சாகிற நோய் இல்லை. சளிதான். சூடா வச்சிருங்க என்று டாக்டர் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. அப்பாவையும் சித்தப்பாவையும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பயந்தவர்கள். வீட்டைக் காப்பாற்றினார்கள். அந்த நாலு ரூம் வீட்டைச் சித்தப்பா பின்னால் வித்துவிட்டார். வாங்கினவர் இடித்து லாட்ஜ் கட்டினார். எங்கள் லைன் வீட்டையும் இடித்தாயிற்று. அடைக்காமல் காப்பாற்றின வீடு ரெண்டும் இப்போது இல்லை. அப்பாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை.

அம்மா இருக்கிறாள். என் வீட்டில் கிடக்கிறாள். இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து படுக்கைதான். தம்பி திருப்பூரில் இருக்கிறான். போன் போடுவான். போன வாரம் சொன்னான், "நெருங்கிட்டுன்னா முன்னாலயே சொல்லுக்கா. வண்டி அனுப்புதேன். ஒன் வீட்டுல வச்சு ஆயிரக் கூடாது. நான் ஒருத்தன் இருக்கேன்லா." அவன் வீடு அப்பார்ட்மென்டு. மூணாவது மாடி. அவன் மனைவி இதற்குச் சம்மதிப்பாளா என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அம்மா காலையில் கண் முழித்ததும் கேட்கிறாள்.

"இன்னைக்கு என்ன நட்சத்திரம்?"

நான் காலண்டரைப் பார்க்கிறதில்லை. தினமும் ஒன்றைத்தான் சொல்கிறேன்.

"அசுவதிம்மா."

அவள் சரி என்பாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். இத்தனை நாளும் இப்படித்தான் போனது. இன்றைக்கு அவள் திரும்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மழை வருகிற மாதிரி இருந்தது.

"நேத்தும் அசுவதிதானட்டி."

அம்மா வீட்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள். சுவர், ஜன்னல், அடுப்படி, பின்கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. சாக்கடை, அடுத்த வீட்டுச் சுவர்.

"ஒன் வீட்டுல தொழுவமும் இல்லியே" என்றாள்.

போர்வையை இழுத்து அவள் கால் வரை மூடிவிட்டேன்.